எண்கோணமும் எக்ஸ் கதிரும்

பண்ருட்டியின் பலாமரங்களையும் முந்திரித் தோப்புகளையும் பின்னே விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லும் கும்பகோணம் சாலை, நெய்வேலியின் புகைபோக்கிகளை ஒரு பக்கத்தில் காட்டிக்கொண்டே வடலூரைத் தொட்டு, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, காவிரி நாட்டுக்குள் இறங்குகிறது. இந்தச் சாலையில் போகிறவர்களில் பெரும்பாலோர் கும்பகோணத்துக் கோயில்களையோ தஞ்சையையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களாதலால், கிழக்கே புவனகிரி வழியாகச் சிதம்பரத்துக்கும் மேற்கே விருத்தாசலத்துக்கும் சாலைகள் பிரிகிற சேத்தியாத்தோப்பு அவர்களுக்கு ஒரு தேநீர் குடிக்கிற இடம், அவ்வளவே. திடப்பொருள்களுக்குள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு நடமாடுகின்றன என்ற கேள்வியிலே சில காலமாக ஈடுபட்டிருந்த நான், அந்த ஊரையே நடுவாக வைத்துச் சுற்றியுள்ள பிரதேசத்தைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டேன். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைக் காண்பது என் பிரயாணத்தின் நோக்கம். ஆனால் குவாசி ஸ்படிகம் என்னும் விசித்திரமான உலோகக் கலவையைப் பற்றிப் படித்துவிட்டு இந்தச் சாலையில் வருகிற ஒருவனுக்கு, சூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை பல உண்டு.

முதலாவது வடலூரில். பக்கத்து மருதூரில் 1823-ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகள், 1872-ஆம் ஆண்டு தைமாதத்தில் திறந்துவைத்த சத்திய ஞான சபை எட்டு மூலைகள் கொண்ட கட்டடம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கிக் காட்டப்படும் ஜோதியைத் தரிசிக்க லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். விழாக் காலமல்லாத ஒரு காலைப்பொழுதில் நான் அந்தச் சபையை வலம் வந்தேன். ஒவ்வொரு மூலையிலும் திரும்பும்போது எதிரே வந்து நிற்கும் சுவர் சற்று முன் கடந்து வந்த சுவரைப் போலவே இருந்ததும், முழு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு திரும்பினாலே கட்டடம் மாறாமல் காட்சியளித்ததும், க்ஷேத்திர கணிதத்தில் ஓரளவு பழக்கமுள்ள எவனையும் யோசிக்க வைக்கும். தனியாக நிற்கிற ஒரு கட்டடத்துக்கு எட்டு மூலைகள் அழகு. ஆனால் எண்கோண வடிவமுள்ள கற்களை மட்டும் கொண்டு ஒரு பெரிய முற்றத்துக்குத் தளம் பாவ முயன்றால், கற்களுக்கிடையே சதுரமான இடைவெளிகள் விழுந்துகொண்டேயிருக்கும். ஐங்கோணத்துக்கும் இதே கதிதான். பக்கங்களும் கோணங்களும் சமமாயுள்ள வடிவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகியவை மட்டுமே இடைவெளியில்லாமல் எல்லையற்ற தளத்தை நிரப்ப வல்லவை. ஸ்படிகம் என்பது ஒரே அணுக்கூட்டம் இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது என்று கொண்ட பழைய ஸ்படிக சாஸ்திரம், இந்த நியாயத்தைக் கொண்டுதான் ஐந்து மடிச் சமச்சீரும், எட்டும், பத்தும், பன்னிரண்டும் எந்த ஸ்படிகத்திலும் தோன்றவே முடியாது என்று விதித்தது. 1912-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லாவே என்பவரது யோசனைப்படி எக்ஸ் கதிர்கள் ஸ்படிகத்தின் வழியே செலுத்தப்பட்டு, புகைப்படத் தகட்டில் அழகிய புள்ளிகளாக விழுந்த நாள் முதல், பிராக் என்ற தந்தையும் மகனும் அப்புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் வழியைக் கண்டுபிடித்த பின்பும், அந்த விதி எங்கும் பொய்க்கவில்லை.

அது பொய்த்தது 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி. அமெரிக்கத் தலைநகரை அடுத்த ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில், இஸ்ரேல் தேசத்தைச் சேர்ந்த டான் ஷெக்ட்மன், அலுமினியமும் மாங்கனீசும் சேர்ந்த உருக்கிய கலவையை மிக வேகமாகக் குளிரவைத்துக் கிடைத்த துகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நடுப்புள்ளியைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் வட்டமாக நின்றன. கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற பொருளாக இருந்தால் புள்ளிகளே தோன்றாமல் மங்கிய வளையங்கள்தாம் தோன்றும். இங்கே புள்ளிகள் ஊசிமுனைபோலத் தெளிவாக இருந்தன. ஷெக்ட்மன் தமது குறிப்பேட்டில் பத்து மடி என்று எழுதி, அதற்கு அருகே மூன்று கேள்விக்குறிகளை இட்டார். குவாசி ஸ்படிகம் என்று பெயர் பெற்ற அக்கண்டுபிடிப்பு அச்சேற 1984 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், இது சாதாரண ஸ்படிகங்கள் பல ஒட்டிப் பிறந்ததால் ஏற்பட்ட தோற்றமே என்று சாதித்து, 1994-இல் மறையும் வரையில் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஷெக்ட்மனுக்கு ரசாயன நோபல் பரிசு 2011-இல் வந்தது. வடலூர்ச் சபையின் எட்டு மடிச் சமச்சீரும் விட்டுப்போகவில்லை. 1987-இல் சீன விஞ்ஞானிகள் குரோமியம், நிக்கல், சிலிக்கன் சேர்ந்த கலவையில் அதையும் கண்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? செய்தி வெளியான மறு ஆண்டே, 1985-இல், காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திர ராவும் சாஸ்திரியும், எந்தக் கலவைகளில் குவாசி ஸ்படிகத்தை எதிர்பார்க்கலாம் என்பதை அணுக்கூட்டங்களின் அமைப்பிலிருந்தே ஊகித்து, மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் மூன்றையும் சேர்த்து அதை உண்டாக்கிக் காட்டினர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எஸ். ரங்கநாதன், கமானியோ சட்டோபாத்யாய் முதலியோர் அதே ஆண்டில் பத்துகோண வகையைக் கண்டறிந்தனர். அமெரிக்காவில் பெண்டெர்ஸ்கி என்பவரும் அப்போதே அதைக் கண்டிருந்தார். தற்செயலாக அகப்பட்டதை வியந்து நிற்பதைவிட, இன்ன இடத்தில் இருக்கும் என்று நிதானித்துத் தேடி எடுப்பது விஞ்ஞானத்தில் ஒரு படி உயர்ந்த காரியம் என்பது என் துணிபு. காசிக்காரர்கள் செய்தது அது.

வடலூரிலிருந்து தெற்கே சேத்தியாத்தோப்புக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஊரை ஒட்டி வெள்ளாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டுக்குச் சென்றேன். விருத்தாசலத்தைக் கழுவிக்கொண்டு வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்துவிடுவதால், இங்கே வருவது இரண்டு ஆறுகளின் நீர். தெற்கே, பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி கிடக்கிறது. அதன் நீர் இப்போது குழாய் வழியாகச் சென்னை வரையில் செல்கிறது. அணைக்கட்டின் ஷட்டர்களில் சிலவற்றைத் திறந்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணின் வழியாகவும் வெளிப்பட்ட நீர் தன் தன் அலைகளை விரித்துக்கொண்டு போய், சற்றுத் தூரத்தில் பக்கத்துக் கண்ணின் அலைகளோடு சந்தித்து, சில இடங்களில் உயர்ந்தும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து மட்டமாகியும் ஓர் ஒழுங்கான கோலத்தை நீரின்மேல் எழுதிற்று. தூண்கள் சம தூரத்தில் இருப்பதனால் அந்தக் கோலமும் சீராக இருந்தது.

எலெக்ட்ரானும் அலையாகவே நடந்துகொள்ளும் பொருள். சாதாரண உலோகத்தில் அணுக்கள் இந்த அணைக்கட்டின் தூண்களைப் போலச் சம தூரத்தில் நிற்பதனால், எலெக்ட்ரான் அலை அவற்றின் நடுவே தடையின்றிப் பரவுகிறது என்பதை 1928-இல் பெலிக்ஸ் பிளாக் நிரூபித்தார். செம்பும் அலுமினியமும் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதன் ரகசியம் இது. தூண்களைத் தாறுமாறாக நட்டுவிட்டால் அலைகள் சிதறிப்போகும். கண்ணாடியின் நிலைமை அது. ஆனால் தூண்களை ஒரே தூரத்திலும் நடாமல், தாறுமாறாகவும் நடாமல், நெட்டிடைவெளி, குற்றிடைவெளி, நெட்டை, நெட்டை, குற்றை என்று ஒரு கண்டிப்பான விதிப்படி, எந்த இடத்திலும் முழுவதும் திரும்பி வராதபடி நட்டால், அலை என்ன செய்யும்? குவாசி ஸ்படிகம் எலெக்ட்ரானிடம் கேட்கும் கேள்வி அதுவே. நெட்டையும் குற்றையும் இவ்விதம் தொடுக்கும் முறையில் பிறக்கும் எண் வரிசையை, இத்தாலியின் பிபொனாச்சி 1202-இல் எழுதுவதற்கு முன்பே, வடமொழி யாப்பில் குருவும் லகுவும் எத்தனை விதமாகச் சேரும் என்று கணக்கிட்ட விரஹாங்கரும் ஹேமசந்திரரும் அறிந்திருந்தனர். அவ்வரிசையில் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618 என்ற அளவை நெருங்குகிறது. அதே விகிதம்தான் ஐங்கோணத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ளது. ஷெக்ட்மன் கண்ட புள்ளிகளின் தூரங்களுக்கிடையேயும் அதுவே நிற்கிறது.

எலெக்ட்ரான் அளித்த விடை விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. 1987-இல் ஜப்பானின் தோஹொகு பல்கலைக்கழகத்தில் தைவானில் பிறந்த சாய் ஆன்-பாங்கும் அவருடைய சகாக்களும், அலுமினியம், செம்பு, இரும்பு ஆகிய மூன்றையும் சேர்த்து, மெதுவாகக் குளிரவைத்தாலும் குலையாத குவாசி ஸ்படிகத்தை உண்டாக்கினார்கள். மூன்றும் நல்ல கடத்திகள். மின்கம்பியாகவும் பாத்திரமாகவும் நாம் தினமும் கையாளும் உலோகங்கள். அவை சேர்ந்த அந்தக் கலவையோ, தூய அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மின்தடை காட்டிற்று. அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. உலோகத்தைச் சுத்தம் செய்து குறைகளை நீக்கினால் தடை குறையும், சூடேற்றினால் தடை கூடும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் பாடம். குவாசி ஸ்படிகத்தில், அமைப்பு எவ்வளவுக்குக் குற்றமற்றதாகிறதோ அவ்வளவுக்குத் தடை ஏறுகிறது, குளிரக் குளிர மேலும் ஏறுகிறது, சூடேற்றினால் இறங்குகிறது. ஒழுங்கு நிறைந்ததனாலேயே மின்சாரம் தடைப்படுகிற ஒரு பொருளை இயற்கை தன் கைவசம் வைத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

மேற்குச் சாலையில் திரும்பி விருத்தாசலம் போய்ச் சேர்ந்தேன். பழமலைநாதர் கோயிலின் நெடிய கோபுரங்களைப் பற்றி எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சூளைகளுக்கே போகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அகற்றும்போது வெண்களிமண்ணும் வெளிப்பட்டது. எரிபொருளும் களிமண்ணும் இவ்வளவு அருகில் இருந்ததால் பீங்கான் தொழில் இந்த ஊரில் வேர்கொண்டது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசாங்க நிலையமும், தொழிற்பேட்டையும், வீட்டுக் கொல்லைகளில் நடக்கும் சிறு பட்டறைகளுமாக ஊர் அதனோடு பின்னிக் கிடக்கிறது. கொலுப் பொம்மைகளும் அகல் விளக்குகளும் ஒரு பக்கம்; பியூஸ் கட்டைகளும் மின்கம்பத்து இன்சுலேட்டர்களும் மறு பக்கம்.

நான் சென்ற பட்டறையில் பால் மில் என்னும் உருளை இடைவிடாமல் சுழன்று, களிமண்ணையும் குவார்ட்ஸையும் பெல்ட்ஸ்பாரையும் தண்ணீரோடு அரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கூழைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றியதும், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் களிமண் தோலாகப் படிகிறது. உலர்ந்ததைச் சூளையில் அடுக்கிச் சுடும்போது, 573 பாகையில் குவார்ட்ஸ் தன் உருவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு விரிகிறது; அந்த நேரத்தில் அவசரப்பட்டுச் சூடேற்றினாலோ குளிரவிட்டாலோ பண்டம் விரிசல் காணும். ஆயிரம் பாகையைத் தாண்டியதும் களிமண் முல்லைட் என்னும் ஊசி போன்ற நுண்ஸ்படிகங்களாக மாறி, உருகிய பெல்ட்ஸ்பாருக்குள் பின்னிக்கொள்ள, பண்டம் கெட்டியாகிறது. சூளையைக் கவனித்துக்கொண்டிருந்த முதிய மேஸ்திரியின் கணிப்பில் இந்தப் பெயர்கள் ஒன்றும் இல்லை; ஆனால் எந்த வேளையில் தீயை அடக்க வேண்டும் என்பதை அவர் கண் அறிந்திருந்தது.

அவர் ஆறிய இன்சுலேட்டர் ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். வெண்கலத்தின் நாதம் போல ஓசை நீண்டது. இன்னொன்றைத் தட்டினார், ஓசை அடைத்து வந்தது. "இது உள்ள விரிஞ்சிருக்கு சார், வெளிய ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி அதை உடைத்து, உடைந்த முகத்தில் ஒரு துளி மையை விட்டார். மை பரவாமல் முத்துப்போல நின்றது. "பாருங்க, மண்ணு நல்லா வெந்திருக்கு. மை குடிச்சுதுன்னா கரண்டும் குடிக்கும்" என்றார். மை குடிக்கும் பீங்கானில் மழைக்காலத்தில் நீர் ஏறி, அந்த நீரின் வழியே மின்சாரம் கசியும் என்பது அவர் சொன்னதன் பொருள். மின் பீங்கானைச் சோதிக்கச் சாயம் ஊட்டிப் பார்க்கும் முறை ஆராய்ச்சிக்கூடங்களிலும் உண்டு.

"இரும்பும் செம்பும் சேர்த்து உருக்கினா கரண்டு விடாத ஒண்ணு வருமாங்க?" என்று நான் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உலோகம் எப்படிங்க விடாம இருக்கும்? அதுக்கு நாங்க எதுக்கு?" என்றார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. பீங்கானில் எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜனோடும் சிலிக்கனோடும் இறுகப் பிணைக்கப்பட்டு நகர முடியாமல் கிடக்கின்றன. உலோகத்தில் அவை சுதந்தரமாகத் திரிகின்றன. இவ்விரண்டு ஜாதிகளுக்கும் நடுவே கோடு கிழித்துத்தான் தொழிலும் சாஸ்திரமும் இதுகாறும் நடந்து வந்தன. குவாசி ஸ்படிகம் பிறப்பால் உலோகம், குணத்தால் ஏறக்குறையப் பீங்கான். அது கடினமானது, தட்டினால் தகடாக விரியாமல் நொறுங்கிவிடும், வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, அதன் மேற்பரப்பில் எளிதில் எதுவும் ஒட்டுவதில்லை. இந்தக் கடைசிக் குணத்தை நம்பிப் பிரான்சு தேசத்தில் குவாசி ஸ்படிகப் பூச்சிட்ட வாணலியைக்கூட விற்றார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு: 2013-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார், பேரியம் டைட்டனேட் என்னும் அசல் பீங்கான் பொருளைப் பிளாட்டினத்தின்மேல் ஓரிரு அணுக்கள் கனத்துக்குப் படியவைத்தபோது அது பன்னிரண்டு மடிச் சமச்சீர் கொண்ட குவாசி ஸ்படிகமாகவே அடங்கி நின்றது. மின்தேக்கிகளில் நாடெங்கும் உபயோகமாகிற பொருள் அது. மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம சரக்கும் அதுல சேர்த்திதான்" என்று மனநிறைவோடு சொன்னார்.

இனி, எலெக்ட்ரான் ஏன் அவ்விதம் நடந்துகொள்கிறது என்பதை அறிவது எப்படி? இங்கேதான் எக்ஸ் கதிர் வருகிறது. லாவேயும் பிராக்கும் உபயோகித்த முறையில், பொருளின்மேல் விழுந்த கதிர் தன் சக்தி குறையாமல் திசை மட்டும் மாறித் திரும்புகிறது. அது அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும். அணுக்களுக்கிடையே உலாவும் எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதை அறிய, சக்தியில் ஒரு பகுதியை எலெக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் கதிரைப் பிடிக்க வேண்டும். 1923-இல் காம்ப்டன் என்ற அமெரிக்கர், சிதறிய எக்ஸ் கதிர் சக்தி குறைந்து வருவதைக் கண்டறிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனைத் துணையாகக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எக்ஸ் கதிருக்கு நிகழ்வது சாதாரண ஒளிக்கும் நிகழக்கூடும் என்ற எண்ணம் அவரை உந்திற்று. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி அது பிரத்தியட்சமாயிற்று. எலெக்ட்ரான்களின் அந்தரங்கத்தை அறிய இன்று உலகெங்கும் செய்யப்படும் எக்ஸ் கதிர்ச் சிதறல் சோதனைகள், இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் சந்ததி. அதில் பாதி வம்சம் தமிழ்நாட்டுக்காரர்களுடையது என்று சொல்வதில் பெருமிதம் கொள்ளக் கூச்சம் வேண்டியதில்லை.

இச்சோதனை எளியதன்று. செலுத்தும் கதிரின் சக்தி பத்தாயிரம் எலெக்ட்ரான் வோல்ட். உலோகத்து எலெக்ட்ரான் அதிலிருந்து பெற்றுக்கொள்வது ஓரிரு எலெக்ட்ரான் வோல்ட்டோ, அதற்கும் குறைவோ. இவ்வளவு பெரிய தொகையில் இவ்வளவு சிறிய குறைவைக் கணக்கிட வேண்டுமானால், கதிர் மிக மிகப் பிரகாசமாகவும், ஒரே சக்தி உடையதாகவும் இருக்க வேண்டும். எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு அருகே ஓட்டி, பெரிய வளையத்தில் சுழலவிட்டு, அவை வளையும் இடங்களில் தெறிக்கும் எக்ஸ் கதிரைச் சேகரிக்கும் சிங்க்ரோட்ரான் என்னும் ஒளிமூலங்கள் இதற்காகவே உதவுகின்றன. ஜப்பானின் ஸ்பிரிங்-8 என்ற நிலையத்தின் வளையம் 1,436 மீட்டர் சுற்றளவு உடையது. நம் நாட்டில், இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். கதிரை ஒற்றை ஸ்படிகத்தில் விழச்செய்து, திரும்பும் கோணத்தையும் இழந்த சக்தியையும் ஒருங்கே அளந்தால், அந்தத் திசையில் எலெக்ட்ரான் அலை எவ்வளவு நீளமுள்ளதாக, எவ்வளவு சக்தியோடு அசைகிறது என்ற படம் புள்ளி புள்ளியாக உருவாகும். ஜப்பானியர்கள் காம்ப்டன் சிதறலைக் கொண்டு குவாசி ஸ்படிகங்களில் எலெக்ட்ரான்களின் உந்தத்தையே அளந்திருக்கிறார்கள்.

எக்ஸ் கதிரைக் கொண்டு எலெக்ட்ரானையே வெளியே தள்ளி, தப்பிவந்த எலெக்ட்ரானின் சக்தியை அளப்பது இதற்குச் சகோதர முறை. இதில் ஒரு தொல்லை இருந்தது. சக்தி குறைந்த கதிரால் தள்ளப்படும் எலெக்ட்ரான், மேற்பரப்பின் ஓரிரு அணு அடுக்குகளுக்குக் கீழிருந்து வெளியேற வலிமையற்றது. குவாசி ஸ்படிகத்தின் மேற்பரப்போ உள்ளிருக்கும் ஒழுங்கைச் சரியாகப் பிரதிபலிப்பதில்லை. இந்தூரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக் கூட்டமைப்பைச் சேர்ந்த சுதீப்தா ராய் பர்மன் குழுவினர், ஐரோப்பிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, ஐரோப்பாவில் உள்ள ஒளிமூலங்களின் கடினமான எக்ஸ் கதிரை உபயோகித்து, ஆழத்திலிருந்தே எலெக்ட்ரான்களை வெளிக்கொணர்ந்தனர். 2012-இல் வெளியான அவர்களது ஆராய்ச்சி, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய சக்தி நிலையில் எலெக்ட்ரான்களுக்கு இடம் வெகுவாகக் குறைந்து ஒரு பள்ளம் விழுந்திருப்பதையும், அந்தப் பள்ளம் மேற்பரப்பைவிட உள்ளே தெளிவாக அமைந்திருப்பதையும் காட்டிற்று. உலோகமாயிருந்தும் பீங்கானைப் போல மின்சாரத்தை மறுக்கும் குணத்துக்கு மூலம் பெரும்பாலும் இந்தப் பள்ளமே. அதற்கு முன்பு 2000-இல் ரோட்டன்பெர்க் என்பவரும் அவரது கூட்டாளிகளும், அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த பத்துகோண வகையில் எலெக்ட்ரான் அலைகள் சிதறி மடியாமல், அந்தப் பத்து மடி ஒழுங்கையே தங்கள் ஒழுங்காக ஏற்றுப் பரவுவதைக் கண்டனர். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், திரும்பத் திரும்ப வரும் அடுக்கு மட்டுமே ஒழுங்கு என்ற நம் பழைய கருத்து குறுகியது என்பதும், எலெக்ட்ரான் அதைவிட விரிந்த ஒழுங்கையும் உணர்ந்து நடக்கிறது என்பதும் விளங்குகின்றன. 2018-இல் அலுமினியம், துத்தநாகம், மக்னீசியம் கொண்ட குவாசி ஸ்படிகம் ஒன்று, முழுப்பூஜ்யத்துக்கு மேல் 0.05 பாகை அளவில் தடையே இல்லாத கடத்தியாகவும் மாறியதை ஜப்பானியர்கள் கண்டார்கள். காசிக்காரர்கள் 1985-இல் தேர்ந்த அதே மூன்று உலோகங்கள்!

மாலையில் சேத்தியாத்தோப்புக்குத் திரும்பும் பஸ்ஸில், பீங்கான் படிக்கும் இரண்டு மாணவர்கள் என் பக்கத்தில் அமர்ந்தார்கள். எக்ஸ் கதிர்ச் சோதனையில் களிமண் முல்லைட்டாக மாறியதைக் கண்டறியும் பாடத்தை அவர்கள் படித்திருந்தார்கள். கோடுகளின் கோணங்களை வாய்ப்பாடு போலச் சொன்னார்கள். குவாசி ஸ்படிகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அது அவர்கள் குற்றமன்று. பாடத்திட்டம் அங்கே வந்து நின்றுவிடுகிறது. வடலூர்ச் சபையின் எட்டு மூலைகளைச் சொல்லி, அதே சமச்சீரோடு அணுக்கள் நிற்கும் உலோகம் உண்டு என்றதும், அவர்களில் இளையவன், "அப்ப தரையில பாவ முடியாதுன்னு சொன்ன கணக்கு தப்பா சார்?" என்று கேட்டான். கணக்கு தப்பல்ல, ஒரே கல்லைக்கொண்டு பாவுவதற்குத்தான் அந்தக் கணக்கு, ரோஜர் பென்ரோஸ் என்ற கணித மேதை 1974-இல் இரண்டு வகைக் கற்களைக்கொண்டு எங்கும் திரும்பி வராத தளத்தைப் பாவிக் காட்டினார் என்று சொன்னேன். அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரையத் தொடங்கினான்; பஸ் சேத்தியாத்தோப்புக்கு வருகிற வரையில் தலை நிமிரவில்லை.

விருத்தாசலத்தில் சூளையும் பீங்கான் படிப்பும் இருக்கின்றன. நெய்வேலியில் மின்சாரம் பிறக்கிறது. சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த மூன்று ஊர்களையும் சாலையால் இணைத்துக்கொண்டு நடுவே நிற்கிறது சேத்தியாத்தோப்பு. மின்சாரத்தை விடும் பொருளையும் விடாத பொருளையும் தினமும் கையில் எடுக்கும் ஒரு பிரதேசத்தில், அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் பொருளைப் பற்றிய பாடம் இல்லாதிருப்பது பெருங்குறை. பௌதிக ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை ஒரு நாளாவது சூளைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பீங்கான் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை எக்ஸ் கதிர்க் கருவிக்கு முன்னே நிறுத்தி, அலுமினியம், செம்பு, இரும்பு சேர்ந்த அந்தக் கலவையை ஒரு முறையாவது அளக்கச் செய்ய வேண்டும். அதை உருக்க வேண்டிய உலோகங்கள் மூன்றும் கடைத்தெருவில் கிடைப்பவை. அதற்கு மேலே போக விரும்பும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு, இந்தூரின் இண்டஸ்-2 ஒளிமூலம் விண்ணப்பத்தின்பேரில் திறந்திருக்கிறது.